பட்டது யார் கால்?

டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலைத்தான் பார்ப்பான். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்தவன் சொல்றேன், எழுதி வச்சுக்கோங்க. நான் படியில் கால் வச்சதும் டிக்கெட் வச்சிருக்கிறவன் என்னைப் பார்ப்பான், இல்லாதவன் வெளியே ஏதோ அதிசயம் நடக்கிற மாதிரி பார்ப்பான். டிரைவர் இல்லாத பஸ் வந்துச்சு, கண்டக்டருக்குப் பதிலா டிக்கெட் குடுக்கிற பெட்டி வந்துச்சு. இந்தத் தவசிமுத்து வேலையை மட்டும் எவனாலும் ஒழிக்க முடியல. ஏன்னா திருட்டுப் பயல்கள் ஒழியல.

ஒழிச்சது ஒரு லாரிதான். நாங்குநேரி பைபாஸில் பஸ்ஸை மறிக்கக் கை நீட்டி நின்னேன், பின்னாடி வந்தவன் என் இடுப்பை உடைச்சுட்டுப் போயிட்டான். அன்னைக்கு முதல் இடுப்புக்குக் கீழே எனக்கு ஒண்ணும் கிடையாது. கால் ரெண்டும் இருக்கு, பார்க்கலாம், கிள்ளலாம், எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் என்னைத் துடைச்சுவிட ஒரு ஆள் வருவான். என்னைப் புரட்டிப் போட்டு, துணியை உருவிட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே சொருகிக்கிட்டு, அவன் பொண்டாட்டிகிட்ட மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு கரைக்கணும்னு விவாதம் பண்ணுவான். கதவு திறந்தே கிடக்கும். மனுஷன் கண் என் மேல படவே கூடாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணினேன். "நான் வந்து பார்த்துக்கிடுதேன்பா"ன்னு மக செண்பகவல்லி மைசூரிலிருந்து அழுதா. பெத்த மக கையில அம்மணமாக் கிடக்கவா? மிஷின் போதும்னுட்டேன்.

மாண்பகம்னு ஒரு கம்பெனி. 'மனிதக் கண் படாத பராமரிப்பு'ன்னு பெரிசா விளம்பரம். அதுக்குன்னே சட்டமும் வந்திருந்துச்சு. படுக்கையில் கிடக்கிறவங்களைக் குளிப்பாட்ட மிஷின்னு சொல்லி அனுப்பிட்டு, பின்னாடி ஒரு ஆள் உட்கார்ந்து ஓட்டினா, ஓட்டினவனுக்கு மூணு வருஷம் ஜெயில். குளிப்பாட்டுற படம் எங்கேயும் பதிவாகக் கூடாது. எனக்குத் திருப்தி.

வந்து சேர்ந்துச்சு மிஷின். ஆள் உயரம், ரெண்டு கை, ரப்பர் பாதம் வச்ச ரெண்டு கால், மூஞ்சி இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டு கேமரா. "குளிக்கும் நேரம்", "மருந்து நேரம்", "நன்றி"ன்னு மூணே மூணு வார்த்தை, ஏதோ பொம்பளை குரலில். நான் வச்ச பேரு மூதி, எங்க ஊரில் மூதேவியைச் சுருக்கித் திட்டுறது. "ஏ சவத்த மூதி, இங்க வா"ன்னா வரும். கோபம் வந்தா காபியை அது மேல ஊத்துவேன். ஈரத் துண்டை அதன் தலையில் தொங்கப் போடுவேன். ஒரு தடவை துப்பவும் செஞ்சேன். சாமான்தானே, சாமானுக்கு என்ன?

ஒன்பது மாசம் ஆச்சு. ஒரு நாள் காலையில் குளிப்பாட்டுறதுக்கு வேட்டியை அவிழ்க்கும்போதுதான் கவனிச்சேன். மூதி ஜன்னலைப் பார்த்துச்சு.

எனக்குச் சுருக்குன்னுச்சு. கேமராக் கண்ணு எதுக்குலே திரும்பணும்? மறுநாளும் பார்த்தேன். வேட்டி முடிச்சில் கை வைக்கும், தலை ஜன்னல் பக்கம் போகும், கை தடவித் தடவி வேலை செய்யும், துண்டைப் போர்த்தின பிறகுதான் தலை திரும்பி வரும்.

வைக்கலாம்யா ஒரு பொறின்னு, பழைய டெப்போவில் புழங்குற ஒரு விரசமான கதையைச் சத்தமா எனக்கு நானே சொன்னேன். கதையின் கடைசி வரி வந்ததும் மூதி கையிலிருந்து சோப்பு நழுவி வாளிக்குள்ள விழுந்துச்சு. சோப்பு நழுவுறது ஒரு சாட்சியா? இல்லை. ஆனா என் செக்கிங் புத்தி சொல்லிட்டுது, உள்ளே ஒரு பயல் இருக்கான்னு.

சாட்சி செவ்வாய்க்கிழமை கிடைச்சுது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், மூதி வாளியைத் தூக்கிக்கிட்டு என்னைத் தாண்டிப் போச்சு. அதன் ரப்பர் பாதம் என் வலது காலில் இடிச்சுது. எனக்கு ஒண்ணும் தெரியல, கண்ணால் பார்த்ததுதான். உடனே வாளியைக் கீழே வச்சுது, குனிஞ்சுது, வலது கையால் என் காலைத் தொட்டுச்சு. தொட்ட கையை அப்படியே மேலே தூக்கி, கேமரா பக்கம் கொண்டு போச்சு. கண்ணில் ஒத்திக்கப் போறது பாதியில் நின்னுச்சு. மாட்டிக்கிட்டோம்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கணும். "நன்றி"ன்னு அந்தப் பொம்பளை குரலில் சொல்லிட்டு வாளியைத் தூக்கிக்கிட்டு ஓடிச்சு.

நன்றியாம்ல, நன்றி!

கால் பட்டா தொட்டுக் கும்பிட எந்தக் கம்பெனி மிஷினுக்குச் சொல்லித் தரும்?  ஒன்பது மாசமா ஒருத்தன் என்னைப் பார்த்திருக்கான். நான் கழிஞ்சதை, நான் அழுததை, நான் அம்மணமாக் கிடந்ததை. அன்னைக்குச் சாயங்காலமே மாண்புக் காப்பு வாரியத்துக்குப் புகார் அனுப்பினேன். வியாழக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வருவார்னு அரை மணி நேரத்தில் பதில் வந்துச்சு.

புதன்கிழமை காலையில், பிடிபட்டவன் பேரும் ஊரும் எழுதினாத்தானே கேஸ் நிக்கும்னு, பழைய புத்தி வேலை செஞ்சுது. பேச வராத அதை எழுத வைக்க, எவர்சில்வர் தட்டை மடியில் வச்சு முகப்பவுடரைக் கொட்டிப் பரப்பினேன். நான் பேசுறதைக் கம்பெனி கேட்டாலும் கேட்கட்டும், தனியாக் கிடக்கிறவன் மிஷின்கூடப் பேசுறது ஊரெல்லாம் நடக்கிறதுதான்.

"வாலே இங்கே. விரலால எழுது. ஜன்னலைப் பார்க்காதே, என்னைப் பார். பேரு?"

அது கிட்ட வரல. கையிலிருந்த துண்டைத் திரும்பத் திரும்ப மடிச்சுது.

"நாளைக்கு அதிகாரி வாரான். மரியாதையா எழுது."

துண்டை வச்சுட்டு வந்துச்சு. பவுடரில் விரல் மெதுவா நகர்ந்துச்சு. 'மாதப்பன்.'

"ஊரு?"

'பென்னாகரம் பக்கம்.'

"எங்கலே உட்கார்ந்து என் மானத்தை வேடிக்கை பார்க்கே?"

தட்டை லேசாத் தட்டி அழிச்சுட்டு எழுதிச்சு. 'உட்காரலை சார். படுத்திருக்கேன்.'

"கால் மேல கால் போட்டுப் படுத்துக்கிட்டா? கொழுப்பைப் பாரேன்!"

'கழுத்துக்குக் கீழ எதுவும் அசையாது சார். பெயிண்டரா இருந்தேன். மூணாவது மாடி சாரம் சரிஞ்சிடுச்சு.'

நான் நம்பல. பஸ்ஸில் எத்தனை பயல்கள் அம்மா செத்துட்டான்னு அழுதிருக்கான், அவன் அம்மா அடுத்த ஸ்டாப்பில் கூடையோட ஏறுவா. "பிறகு எப்படி ஓட்டுறே?"ன்னு கேட்டேன்.

'மண்டைக்குள்ள ஒரு சில்லு வச்சிருக்காங்க. நான் நினைச்சா அங்க கை அசையும். கால் நடக்கும். நிஜமான மிஷினைத்தான் முதல்ல அனுப்பினாங்களாம். ஒருத்தரை வெந்நீர்ல வேக வச்சிடுச்சு. அதுக்கப்புறம் எங்களை மாதிரி ஆளுங்களைப் பிடிச்சாங்க. நாங்க வெளிய போய்ச் சொல்ல முடியாதுல்ல.'

நாலு தடவை தட்டி நாலு தடவை எழுதி முடிச்சுது. கதை நல்லாத்தான் இருந்துச்சு. நல்லா இருக்கிற கதையில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். கேட்டேன் ஒரு கேள்வி. ஆஸ்பத்திரியில் கழுத்துப் பட்டை போட்டுக் கையைக் கட்டி ஆறு வாரம் கிடந்தவன் நான். படுத்துக் கிடந்தவனுக்கு மட்டும்தான் அதுக்குப் பதில் தெரியும்.

"மூக்கு அரிச்சா என்ன பண்ணுவே?"

விரல் மறுபடி பவுடரில் நகர்ந்துச்சு.

'யாரையும் கூப்பிட மாட்டேன். பத்து எண்ணுவேன். போகலைன்னா இருபது.'

 நான் முப்பது வரைக்கும் எண்ணியிருக்கேன்.

"ஏலே, செவ்வாய்க்கிழமை எதுக்கு என் காலைத் தொட்டுக் கும்பிட்டே? எனக்குத்தான் உணர்ச்சி கிடையாதே, உனக்குத் தெரியும்லா?"

'தெரியும் சார். கால் பட்டுச்சு. என் கால்னு நெனச்சுட்டேன். மன்னிக்கணும்.'

படிச்சேன். திரும்பப் படிச்சேன். எனக்கு உணர்ச்சி இல்லாத காலு. அவனுக்கு உணர்ச்சி இல்லாத காலு, அதுவும் ரப்பரு. ரெண்டும் இடிச்சதில் எவனுக்கும் வலி இல்லை. இருந்தும் பதறிப் போய்க் குனிஞ்சிருக்கான் பாவி.

"காபியை ஊத்தினப்போ சொல்லியிருக்கலாமேலே! துப்பினேனே, அப்பவாவது ஒரு வார்த்தை?"

'சொன்னா நிறுத்திடுவாங்க சார். நான் கால் ஊன்றி நடக்கிறது உங்க வீட்டுல மட்டும்தான்.'

நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கு, அவன் பார்க்காததா?

அப்போதான் அந்த ஆள் ஞாபகம் வந்தான். இருபது வருஷத்துக்கு முந்தி, கண்டக்டர் இருந்த காலம். அழுக்கு லுங்கி கட்டின ஒருத்தன் ஜன்னலைப் பார்த்துக்கிட்டிருந்தான். "டிக்கெட் எடுத்தேன், எங்கேயோ விழுந்துட்டு"ன்னு சொன்னான். பஸ் முழுக்கப் பார்க்க, சட்டைப் பையைத் திருப்பச் சொன்னேன், மடியை அவிழ்க்கச் சொன்னேன், தலைத்துண்டை உதறச் சொன்னேன். ஒரு காலேஜ் கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுது. உச்சி வெயிலில் இறக்கி விட்டேன். ரெண்டு ஸ்டாப் தாண்டி, சீட்டுக்கு அடியில் டிக்கெட் கிடந்துச்சு. கண்டக்டர் எடுத்து நீட்டினான். நான் வாங்கிக் கிழிச்சு வெளியே போட்டேன். இதை என் பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னதில்லை, அவ போய்ச் சேர்ந்துட்டா. மாதப்பன்கிட்டச் சொன்னேன்.  என் தோளில் நழுவின துண்டை எடுத்துச் சரியாப் போட்டான்.

உடனே வாரியத்துக்குப் போன் போட்டேன், புகாரை வாபஸ் வாங்குறேன்னு.

"முடியாது ஐயா"ன்னாள் ஒரு பொண்ணு. "மாண்பு சம்பந்தப்பட்ட புகாரைத் திரும்ப எடுக்கச் சட்டத்தில் இடமில்லை."

"ஏம்மா, போனது என் மானம். எனக்கு இல்லாத அக்கறை உங்களுக்கு எதுக்கு?"

"உங்க மாண்பை விட்டுக்கொடுக்க உங்களுக்கே உரிமை கிடையாது ஐயா"ன்னுட்டு வச்சுட்டா. நல்லாயிருக்கு கதை!

வியாழக்கிழமை பத்துக்கெல்லாம் அதிகாரி வந்துட்டார். அரங்கநாதன்னு பேரு, நாற்பது வயசு இருக்கும், பளபளன்னு ஷூ, கையில் ஃபைல். மூதி சுவரோரம் நின்னுச்சு.

"சொல்லுங்க ஐயா. ஆள் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஏதோ தோணிச்சு சார். வயசாச்சுல்லா."

"உங்களுக்கு அறுபதுகூட ஆகல. புகாரில் ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க, காலைத் தொட்டுக் கும்பிட்டுச்சுன்னு." என் முகத்தையே பார்த்தார். நான் ஜன்னலைப் பார்க்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு அவரையே பார்த்தேன்.

"சார், எனக்கு ஒரு சந்தேகம்"னு பேச்சை மாத்தினேன். "ஒருத்தன் பார்த்தா மானம் போயிடும், மிஷின் பார்த்தா போகாது. அது எப்படி?"

அவருக்கு அது பிடிச்ச விஷயம் போல. நாற்காலியை இழுத்துப் போட்டார். "உங்க பீரோ உங்களைப் பார்க்குது, உங்களுக்குக் கூச்சமா இருக்கா? இல்லை. பார்க்கிறதுக்கு ஒரு மனசு வேணும் ஐயா. இன்னொரு மனசுக்கு முன்னாடி நீங்க விருப்பமில்லாம திறந்து கிடந்தா, அங்கேதான் மாண்பு உடையுது. சட்டத்துக்கு அடிப்படையே அதுதான்."

"அப்போ என் மானம் பார்க்கிறவன் கையில் இருக்கா, என் கையில் இருக்கா?"

"உங்க கையில்தான். சிந்திக்கிற, முடிவெடுக்கிற திறமை உங்ககிட்ட இருக்கே, அதிலிருந்துதான் மாண்பே வருது."

"அந்தத் திறமை போயிட்டா?"

சிரிச்சார். "அந்தக் கேள்வி சட்டத்துக்குத் தேவையில்லை ஐயா."

எழுந்து பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். "இதை அமுக்கினா இந்த வீட்டுக்கு வர்ற லைன் எல்லாம் அஞ்சு நிமிஷம் கட். ஓட்டுறவன் ஒருத்தன் இருந்தா இது பொம்மை மாதிரி நின்னுடும். மிஷினா இருந்தா நீங்க சொல்றதைச் செய்யும். அமுக்கினதும் ஒரு கட்டளை குடுங்க."

 மூணு வருஷம் ஜெயில் அவனுக்குப் பெரிசில்லை, கிடக்கிறவன் எங்கே கிடந்தா என்ன? போகப் போறது அவன் கால். அவர் அமுக்கினார். மூதி தோள் ஒரு நூல் அளவு தொங்கிச்சு. எனக்குத் தெரிஞ்சுது, மாதப்பன் போயிட்டான்.

"சொல்லுங்க ஐயா."

"ஏ சவத்த மூதி!"ன்னு கத்தினேன். "நான் சொல்ற வரைக்கும் இம்மி அசையப்படாது. அசைஞ்சே, தொலைச்சுப்புடுவேன்!"

அது அசையல. எப்படி அசையும்?

அரங்கநாதன் என்னைப் பார்த்தார். பிறகு அதைப் பார்த்தார். "தண்ணி கொண்டு வா"ன்னார். அசையல. "கையைத் தூக்கு." அசையல.

"பார்த்தீங்களா சார்? நான் நில்லுன்னா நின்னதுதான். உள்ளே ஒரு ஆள் இருந்தா, அதிகாரி சொல்லியும் இப்படி மரமா நிப்பானா? எங்க டெப்போவில் அதிகாரி தும்மினாலே நாலு பேர் ஓடுவான்."

"வேற கட்டளை நீங்களே குடுங்களேன்."

"குடுக்க மாட்டேன். என் வீடு, என் மிஷின். முடிவெடுக்கிற திறமை என்கிட்டதான் இருக்குன்னு இப்போதானே சொன்னீங்க?"

 அவர் பேனாவைத் திருகினார். அவர் நம்பலை. நம்பாத மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? தினமும் கண்ணாடியில் பார்க்கிற மூஞ்சிதானே.

"சரி ஐயா, ரெண்டே வழி"ன்னார். "ஒண்ணு, இதைக் கழட்டிக் கொண்டு போய் முழுசா சோதிக்கணும். இல்லை, புகார் என் மனக்குழப்பத்தால் வந்ததுன்னு நீங்க கையெழுத்துப் போடணும். போட்டா ஃபைலை மூடிடுவேன். ஆனா யோசிச்சுப் போடுங்க. மனக்குழப்பம்னு பதிவானவர் சொல்லுக்கு அப்புறம் எங்கேயும் மதிப்பு கிடையாது. நாளைக்கு யாராவது உங்களை அடிச்சாலும் உங்க புகாரை எடுக்க மாட்டாங்க. சாட்சி, பத்திரம், எதிலும் உங்க வார்த்தை செல்லாது."

முப்பத்தோரு வருஷம் என் கண் தப்பினதில்லைன்னு மார்தட்டினவன் நான். கோர்ட்டிலேயே ஜட்ஜ் என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கிடுவார். இந்த உடம்பில் மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். தோள் தொங்கி நின்ன மூதியைப் பார்த்தேன். உச்சி வெயிலில் ரோட்டோரம் நின்னவனும் இப்படித்தான் தோளைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னான்.

"பேனாவைக் குடுங்க"ன்னேன்.

கையெழுத்தை வாங்கி ஃபைலில் வச்சுக்கிட்டு அரங்கநாதன் கிளம்பினார். போகும்போது அவர் ஷூ என் காலில் நல்லாவே இடிச்சுது, நாற்காலியே நகர்ந்துச்சு. அவர் குனிஞ்சு காலைப் பார்த்தார். உணர்ச்சி கிடையாதுன்னு ஃபைலில் படிச்சிருப்பார். நடந்துட்டார்.

அஞ்சு நிமிஷம் முடிஞ்சு மூதியின் தோள் நிமிர்ந்துச்சு. தலை வாசல் பக்கம் போச்சு, என் பக்கம் வந்துச்சு. ஓடி வந்து தட்டை எடுத்துச்சு. 'என்ன ஆச்சு சார்?'

"ஒண்ணும் ஆகலலே மாதப்பா. எனக்குக் கிறுக்குன்னு எழுதிக் குடுத்திருக்கேன். இனிமே என்ன வேணாலும் பேசலாம், எவனும் கேக்க மாட்டான்."

'ஏன் சார் அப்படிப் பண்ணீங்க?'

"டிக்கெட் இல்லாத ஒருத்தனை இறக்காம விட்டேன். முதல் தடவை. விடு."

அவன் தட்டைக் கீழே வச்சான். பிறகு குளியலுக்கு வெந்நீர் எடுத்து வந்தான். வேட்டியில் கை வச்சதும் தலை ஜன்னல் பக்கம் போச்சு. திரும்ப வேண்டாம்லேன்னு சொல்ல வாயெடுத்தேன், சொல்லல. அது அவன் எனக்குக் குடுக்கிறது, நான் எதுக்குத் தடுக்கணும்? முதுகில் தண்ணி விழுந்தப்போதான், இவ்வளவு நாளும் சந்தேகப்பட்டவனுக்குத் தோணியே இருக்காத ஒண்ணு தோணிச்சு.

"ஏலே, உன்னை யாரு குளிப்பாட்டுறா?"

கையைத் துடைச்சுட்டு வந்து எழுதினான். 'மிஷின் சார். கம்பெனியே குடுத்தது.'

"எப்படிப்பட்ட மிஷின்?"

'இதே மாதிரி.'

தட்டைத் தட்டி அழிச்சான். விரலைப் பவுடரில் வச்சபடியே நின்னான்.

'துவட்டும்போது சுவத்தைப் பார்க்கும்.'

"இந்த வேலை பார்க்கிறவனுக்கு உள்ளே ஆள் இருக்குன்னு தெரியாதாலே? ரெண்டு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

'பயம் சார். கேட்டா தெரிஞ்சிடும்ல.'

நான் சிரிச்சேன். சிரிப்பா அழுகையான்னு தெரியல, தண்ணிதான் மூஞ்சி முழுக்க இருந்துச்சே.

"அதை என்னன்னு கூப்பிடுறே?"

கொஞ்சம் யோசிச்சு எழுதினான். 'ஏய்னு.'

நான் மூதின்னு கூப்பிட்டதுக்கு அது எவ்வளவோ மேல். "நாளைக்குக் காலையில் வந்ததும் பேரைக் கேளுடா"ன்னேன். "கேஸ் எழுத இல்லை. சும்மா கேளு."

'அதுக்குப் பேச வராதே சார்.'

"வாய் உனக்கு இருக்குல்லா? தட்டை எடுத்துப் பக்கத்தில் வைக்கச் சொல்லு"ன்னுட்டு, பக்கத்திலிருந்த பவுடர் டப்பாவை ஆட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல தீர்ந்திருந்துச்சு. "உங்க வீட்டுல பவுடர் இருக்கா?"